திசை சொல்லாத மேகப்படம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை, மாலை ஐந்து மணி தாண்டினால் சென்னைவாசிகளின் கைப்பேசிகளில் ஒரே மாதிரியான படங்கள் வந்து விழும். திரண்டு நிற்கும் கருமேகம், அதன் அடியில் ரத்தச் சிவப்பாக ஒரு கீற்று, கூடவே ‘புயல் வருதாம்’ என்று ஒரு வரி. சற்று நேரத்தில் அதே படம் கடலூரிலும் தஞ்சாவூரிலும் சுற்றும். எந்த ஊர், எத்தனை மணி, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்ற விவரம் எதுவும் இருக்காது. படம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இந்த மூன்றும் தெரியாதவரை அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

முதலில் அந்த மேகத்தைப் புரிந்துகொள்வோம். பகலெல்லாம் காய்ந்த நிலத்தின் மேல் காற்று சூடேறி எழும்புகிறது. பிற்பகலில் வங்கக் கடலிலிருந்து நுழையும் கடற்காற்று மேல்காற்றோடு மோதும்போது அந்த எழுச்சி இன்னும் வேகம் பிடிக்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருத்தணிப் பக்கம் உருவாகும் இடிமேகங்கள் கிழக்கே நகர்ந்து, பொழுது சாயும் நேரத்திலோ இரவிலோ சென்னையை எட்டுவது வழக்கம். வெப்பச்சலன மழை என்று வானிலை அறிக்கைகள் சொல்வது இதைத்தான். இந்த மேகம் 12 முதல் 16 கிலோமீட்டர் உயரம் வரை வளரும். அதற்கு மேல் ஏற முடியாமல் அதன் உச்சி கொல்லன் பட்டடை போலப் பக்கவாட்டில் விரியும். புயலோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குச் சுழலும் அமைப்பு. மாடியில் நின்று எடுக்கும் ஒரு படத்துக்குள் அது அடங்காது.

அந்தச் சிவப்பும் அபாய அறிகுறி அல்ல. அடிவானத்தைத் தொடும் சூரியனின் ஒளி, உச்சிவேளையைப் போல ஏறக்குறைய 38 மடங்கு காற்றைக் கடந்து நம்மிடம் வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போகச் சிவப்பும் ஆரஞ்சும் மிஞ்சுகின்றன. தரையில் பொழுது அடைந்த பிறகும் சுமார் கால் மணி நேரம் 15 கிலோமீட்டர் உயரத்தில் வெயில் இருக்கும். ஊர் இருட்டிய பின்னும் மேக உச்சி தணலாக ஒளிர்வது அதனால்தான்.

திசை முக்கியமாவது இங்கேதான். சென்னைக்கு மேற்கே ஓர் இடிமேகம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நகரத்தில் நிற்பவருக்கும் சூரியனுக்கும் நடுவில் அது இருப்பதால், அவர் கண்ணுக்கு அது கன்னங்கரேல் என்று தெரியும். அந்த மேகத்துக்கும் மேற்கே, ராணிப்பேட்டையில் நிற்பவருக்குச் சூரியன் முதுகுப் பக்கம். அவர் பார்ப்பது பொன்னிற மலை. மழைத்தாரை விழும் இடத்தில் வானவில்லும் தெரியலாம். மேகம் ஒன்று, நேரம் ஒன்று. படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு நாள்கள் என்றுதான் தோன்றும். மாலை வானவில்லைத் தேடுவோர் கிழக்கே பார்க்க வேண்டும் என்பதும் இதே கணக்குதான்.

குறிப்போடு பார்த்த வானம் எவ்வளவு தூரம் பயன்படும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1883 ஆகஸ்ட் இறுதியில் சுந்தா நீரிணையில் கிராகடோவா எரிமலை வெடித்தது. செப்டம்பரில் சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அதை நிறமாலைக் கருவியால் ஆராய்ந்து எழுதி வைத்தார். இப்படிப் பல நாடுகளிலிருந்தும் நாளும் இடமும் குறித்து வந்த செய்திகளைத் தொகுத்து, லண்டன் ராயல் சொசைட்டி 1888-இல் அறிக்கை வெளியிட்டது. எரிமலைத் தூசி உலகைச் சுற்றிய பாதையை அதன் மூலம் அறிய முடிந்தது. நம் காலத்திலும், உலக வானிலை அமைப்பு 2017-இல் தன் மேகத் தொகுப்பைப் புதுப்பித்தபோது ‘ஆஸ்பெரிட்டாஸ்’ என்ற அலையலையான மேகம் அதில் இடம்பெற்றதற்குப் பொதுமக்கள் எடுத்த படங்களே தூண்டுதல்.

எடுக்கும் முறையும் கடினமில்லை. இருட்டைக் கண்டால் கைப்பேசி தானாகவே படத்தை வெளிச்சமாக்கி, சிவப்பை வெளுக்கச் செய்துவிடும். திரையில் மேகத்தின் ஒளிர்ந்த ஓரத்தை விரலால் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால் கண் கண்டதற்கு நெருக்கமாக வரும். கீழே ஒரு தென்னையோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் அளவு புரியும். மின்னலுக்கு முக்காலியும் பத்து, இருபது விநாடி திறந்திருக்கும் ஷட்டரும் வேண்டும். பிறகு நிறத்தைக் கூட்டாமல் விட்டுவிடுங்கள்.

மின்னல் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். இந்தியாவில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் அதற்குப் பலியாகிறார்கள். மின்னி 30 விநாடிக்குள் இடி கேட்டால், அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே மொட்டைமாடியை விட்டு இறங்கி வீட்டுக்குள் போய்விட வேண்டும்; மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகு மாடியேறலாம்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில், கேமரா பதிந்து வைத்த இடமும் நேரமும் கழன்றுபோகும். ஆகவே நாமே எழுதினால்தான் உண்டு. ‘மயிலாப்பூர், மாலை 6.20, மேற்கே பார்த்து’ என்று தேதியோடு ஒரு வரி போதும். தஞ்சாவூரில் அதைப் பார்ப்பவர் மாடியில் காயும் துணியை எடுக்க ஓட வேண்டியிருக்காது.