டீச்சர் மாமியின் 640 ரூபாய்

மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் நாத்தனாருக்கு அப்பளம் இடுவதில் தனிக் கைராசி. அப்பளத்தோடு பருப்புப் பொடி, கருவடாம், நாரத்தங்காய் ஊறுகாய் என்று வியாபாரம் வளர்ந்து, இப்போது 60 வீடுகளுக்குச் சரக்குப் போகிறது. ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். "அரைக் கிலோ பொடி, காரம் கம்மியாக" என்று ஒருத்தி எழுதுவாள். இன்னொருத்தி நடுவில் பேரனை அதட்டும் சத்தத்தோடு குரலிலேயே பதிவு செய்து அனுப்புவாள். ராத்திரி பத்து மணிக்கு மேல் என் நாத்தனார் ஒவ்வொன்றாகப் பார்த்து, நோட்டில் எழுதி, கம்ப்யூட்டர் கணக்கில் பில் போட்டு, அதை மறுபடியும் போனுக்குக் கொண்டுவந்து அனுப்புவாள். ஒரே விஷயத்துக்கு மூன்று வேலை!

இந்தக் கஷ்டத்தைப் பார்த்துவிட்டு, காலேஜில் படிக்கும் என் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அத்தை வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். சாயந்திரம் எனக்குப் போன் வந்தது.

"மன்னி! உங்க பிள்ளையோட சமர்த்தைப் பாருங்கோ. பில் போட்ட மறு நிமிஷம் அது தானாவே வாட்ஸ்அப்பிலே போயிடறது. இனிமே எனக்குக் கணக்குப்பிள்ளையும் வேண்டாம், தபால்காரரும் வேண்டாம்!"

இது என்ன மாயம் என்று நானும் பையனைக் கேட்டேன். அவன் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் உங்களுக்குச் சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பும் கணக்கு மென்பொருளும் ஒன்றின் பாஷை மற்றொன்றுக்குத் தெரியாத இரண்டு ஆசாமிகள். நடுவில் ஒரு துவிபாஷி வேண்டும். அந்தத் துவிபாஷி வேலைக்குத்தான் 'வொர்க்ஃப்ளோ ஆட்டோமேஷன்' என்று பெயர். அமெரிக்காவில் 2011-ல் தொடங்கிய ஜேப்பியர், ஜெர்மனியில் 2019-ல் பிறந்த என்8என், நம் சென்னை ஜோஹோ கம்பெனியின் ஜோஹோ ஃப்ளோ எல்லாம் இந்த வர்க்கம். சில கணக்கு மென்பொருள்களில் துவிபாஷிகூட வேண்டாம். 2023 கடைசியில் வந்த டாலி பிரைம் 4.0 பதிப்பிலேயே வாட்ஸ்அப்பில் பில் அனுப்பும் வசதியைச் சேர்த்துவிட்டார்கள்.

துவிபாஷிக்கு நாம் சொல்லிவைப்பது ஒரே தினுசு வாக்கியம்தான்: 'இது நடந்தால், அதைச் செய்.' பால்காரர் மணி அடித்தால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போ என்று வீட்டுக் குழந்தையிடம் சொல்லிவைப்பதில்லையா, அதேபோல. என் மகன் மூன்று கட்டளை எழுதிவைத்தான். கணக்கில் புது பில் ஏறினால் அதன் நகலை வாடிக்கையாளருக்கு அனுப்பு. பணம் வரவு வைத்தால் ரசீது அனுப்பு. பில் போட்டு ஏழு நாள் ஆகியும் வரவு இல்லையென்றால் ஞாபகப்படுத்து.

பில் ஏறியது துவிபாஷிக்கு எப்படித் தெரியும்? அதற்கு இரண்டு வழி. தபால் வந்ததா என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வாசலுக்குப் போய் எட்டிப் பார்க்கலாம். அல்லது தபால்காரரையே மணி அடிக்கச் சொல்லலாம். அந்த மணிக்கு 'வெப்ஹுக்' என்று பெயராம். ஆனால் ஒன்று: உள்ளே காதில் விழுந்ததோ இல்லையோ என்ற சந்தேகத்தில் தபால்காரர் சில சமயம் இரண்டாம் தடவையும் மணி அடிப்பார். அதைப் புது பில் என்று நினைத்து மறுபடி அனுப்பிவிடக் கூடாது. 'இந்த பில் நம்பருக்கு முன்பே அனுப்பியாகிவிட்டதா?' என்று பார்த்துவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிவைப்பது புத்திசாலித்தனம்.

வாட்ஸ்அப் பக்கமும் சில சட்டதிட்டங்கள் உண்டு. நாம் சொந்தக்காரர்களோடு பேசும் சாதாரண வாட்ஸ்அப்பில் இப்படி யந்திரத்தைச் சேர்க்க அதிகாரபூர்வமான வழி இல்லை. வியாபாரத்துக்கென்று உள்ள பிஸினஸ் வசதி வேண்டும். வாடிக்கையாளர் நமக்கு எழுதிய 24 மணி நேரத்துக்குள் தாராளமாகப் பதில் எழுதலாம். அதற்குப் பிறகு நாமாக எழுதுவதானால், முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்கிய மாதிரிச் செய்தியைத்தான் அனுப்பலாம். அதற்குப் பெரும்பாலும் கட்டணமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, 'எனக்கு அனுப்பலாம்' என்று வாடிக்கையாளர் சம்மதம் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு மாதம் எல்லாம் பிரமாதமாகத்தான் நடந்தது. ராத்திரி பத்து மணிக்கு என் நாத்தனார் தூங்கினாள். அதைவிட என்ன வேண்டும்?

அப்புறம்தான் டீச்சர் மாமி வந்தார். ரிடையர் ஆகிப் பல வருஷம் ஆகிவிட்டது, தனியாக இருக்கிறார். அன்று நானும் அங்கே இருந்தேன். சண்டைக்கு வரவில்லை. கையில் ஒரு சின்ன டைரி. ஊஞ்சல் ஓரமாக உட்கார்ந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"மூணு நாளா உன்கிட்டேயிருந்து செய்தி வந்துண்டே இருக்கும்மா, 640 ரூபாய் பாக்கின்னு. குடுத்ததாத்தான் எழுதி வெச்சிருக்கேன். ஆனா எனக்கு இப்பல்லாம் ஞாபகம் தப்பறது. எழுதிட்டுக் குடுக்காம இருந்துட்டேனோ என்னவோ! இந்தா, வெச்சுக்கோ."

பணத்தை எண்ணி வைத்துவிட்டு, காப்பிகூடச் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

என் நாத்தனார் சிலைபோல் நின்றாள். பிறகு சமையலறைக்குள் போனாள். அஞ்சறைப் பெட்டியைத் திறந்தாள். கடுகுக் கிண்ணத்துக்கு அடியில், நாலாக மடித்த நோட்டுக்கள். எண்ணிப் பார்த்தால் சரியாக 640 ரூபாய்! பத்து நாளைக்கு முன்னால் மாமி வாசலில் நின்று கையிலேயே கொடுத்திருக்கிறார். அடுப்பில் பாகு முறுகுகிறதே என்ற அவசரத்தில் வாங்கிச் செருகியவள், கணக்கில் வரவு வைக்கவில்லை.

யந்திரத்தின் மேல் குற்றம் உண்டா? கிடையாது. கணக்கில் எழுதாத பணம் அதற்கு வராத பணம்தான். சொன்னதைச் சொன்னபடி, சிறிதும் கூச்சமில்லாமல், மூன்று நாளும் செய்தது. அந்தக் கூச்சம்தான் நம்மிடம் இருக்க வேண்டியது. 'கேட்கலாமா, வேண்டாமா? ஒருவேளை கொடுத்திருப்பாரோ?' என்று நாம் தயங்கும் அரை நிமிஷத்தில் எத்தனையோ தவறுகள் திருந்திவிடுகின்றன. அந்த அரை நிமிஷத்தை நாங்கள் மிச்சம் பிடித்துவிட்டோம். விளைவு, புத்தி தெளிவாக இருந்த ஒரு பெரியவள் தன் புத்தியையே சந்தேகப்பட்டாள்.

அன்று ராத்திரியே பையனைக் கூப்பிட்டு மூன்று மாற்றங்கள் செய்யச் சொன்னோம். நீங்களும் இப்படி ஏதாவது வைத்திருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: பில்லும் ரசீதும் தானாகப் போகட்டும், பாக்கி கேட்கும் செய்தி போகக் கூடாது. தினம் காலையில் பாக்கிப் பட்டியல் முதலில் வீட்டுக்காரியிடம் வரும். அவள் பார்த்து 'சரி' என்று அழுத்தினால்தான் வெளியே போகும்.

இரண்டு: வாசலில் வாங்கும் ரொக்கத்தை அங்கேயே, அப்போதே, போனில் வரவு வைக்க வேண்டும். ரசீது உடனே போய்விடும். கொடுத்தவர் தம்முடைய போனில் அதைப் பார்த்த பிறகுதான் பணம் அஞ்சறைப் பெட்டிக்குள் போகலாம்.

மூன்று: துவிபாஷியிடம் கணக்குப் புத்தகத்தின் சாவியைக் கொடுத்திருக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. அதற்கு வேண்டிய அனுமதியை மட்டும் கொடுங்கள். அந்த ரகசியச் சாவியை யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். வாரம் ஒரு முறை அது என்னென்ன செய்தது, எதில் தடுக்கி விழுந்தது என்ற குறிப்பைத் திறந்து பாருங்கள். எப்போது விழுந்தது என்று அது வந்து அழாது.

மறுநாள் நாங்கள் இருவரும் 640 ரூபாயும் ஒரு டப்பா கருவடாமும் எடுத்துக்கொண்டு டீச்சர் மாமி வீட்டுக்குப் போனோம்.

"தப்பு என்னோடது மாமி. உங்க ஞாபகத்திலே ஒரு குறையும் இல்லே," என்றாள் என் நாத்தனார்.

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. டைரியை எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தேதி போட்டு, '640 திரும்ப வந்தது' என்று எழுதினார். அந்த முகத்தில் வந்த நிம்மதியை என்னவென்று சொல்வது! பிறகு டீச்சர் குரலிலேயே உத்தரவு பிறந்தது:

"பாக்கி இருந்தா இனிமே அந்த மிஷின் எனக்கு எழுத வேண்டாம். நீ கூப்பிட்டுக் கேளு. அந்தச் சாக்கிலாவது நீ ரெண்டு வார்த்தை பேசுவே."

இப்போது கணக்கில் டீச்சர் மாமியின் பெயருக்கு எதிரே ஒரு சின்ன அடையாளம் இருக்கிறது. அதைப் பார்த்தால் யந்திரம் மாமிக்குப் பாக்கிச் செய்தியே எழுதாது. 'கூப்பிட்டுப் பேசவும்' என்று என் நாத்தனாருக்கு மட்டும் சொல்லும்.