அமொந்தியாதோவும் ஓர் அடிக்குறிப்பின் அநீதியும்

எட்கார் ஆலன் போ 1846-இல் வெளியிட்ட, அமான்டிலாடோ பீப்பாயைப் பற்றிய சிறுகதையை அறியாத இலக்கிய வாசகர் குறைவு. அதில் வரும் ஃபார்ச்சுனாடோ, இன்னொருவனுக்கு அமான்டிலாடோவுக்கும் ஷெர்ரிக்கும் வேறுபாடு தெரியாது என்று ஏளனம் செய்கிறான். உடனே அடிக்குறிப்பு குறுக்கிடும்: அமான்டிலாடோவே ஷெர்ரியில் ஒரு வகைதான், ஆகவே ஏளனம் செய்தவனே அறிவிலி. இந்த விளக்கத்தை நம்பிப் பல ஆண்டுகள் நாங்களும் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.

பெயரையே பாருங்கள். ஸ்பானிய ஒலிப்பில் அது அமொந்தியாதோ. மொந்தியா ஒயினைப் போல ஆக்கப்பட்டது என்று பொருள். மொந்தியா, கொர்தோபா நகருக்குத் தெற்கே உள்ள ஊர். ஷெர்ரி பிறக்கும் ஹெரேஸோ தென்மேற்கே, கடலுக்கு அருகே இருக்கிறது. தன் ஒயின் அயலூர் ஒயினை ஒத்திருக்கிறது என்று ஹெரேஸ் ஒப்புக்கொண்டதற்கு அந்தப் பெயரே சாட்சி. ஒத்திருந்ததற்கு உலகப் புகழ். எதை ஒத்திருந்ததோ அதற்கு மறதி! போ இதையெல்லாம் அறிந்து எழுதினார் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஷெர்ரி அல்லாத அமொந்தியாதோ உண்டு என்பதே எங்கள் வாதம்.

இரண்டு ஊர்களுக்கும் பொதுவானது, ஸ்பானியர் 'ஃப்ளோர்', அதாவது பூ, என்றழைக்கும் ஈஸ்ட் படலம். ஊறுகாய் பூத்துவிட்டால் நாம் ஜாடியைக் கவிழ்த்துவிடுவோம். அங்கே பீப்பாய் பூப்பதற்காகக் காத்திருக்கிறார்கள். திராட்சைச் சாற்றின் சர்க்கரை தீர்ந்தபின், விளிம்புவரை நிரப்பாமல் விட்ட பீப்பாயில் ஈஸ்ட் மேலெழுந்து, காய்ச்சிய பாலின் ஆடைபோல் படர்கிறது. ஆக்ஸிஜனைத் தான் உட்கொண்டு, அடியிலுள்ள ஒயினைக் காக்கிறது. ஆல்கஹாலையும் கிளிசராலையும் தின்று அசிட்டால்டிஹைடைத் தருகிறது. பச்சை ஆப்பிளை நினைவூட்டும் அந்தக் கூர்மணமும், இனிப்பு துளியும் இல்லாத வறண்ட சுவையும் இதன் கைவேலை. படலம் மடிந்தபின் காற்றுப்பட்டுப் பழுப்பேறுவதே அமொந்தியாதோ.

இதில் சாராயத்துக்கு என்ன பங்கு? ஹெரேஸின் பலோமினோ திராட்சை ஒயினில் பொதுவாக 11, 12 விழுக்காடு ஆல்கஹாலே சேர்கிறது. ஆகவே வடித்த சாராயத்தை ஊற்றி 15-க்கு உயர்த்தினார்கள். அந்த அளவில் படலம் வாழும். ஒயினைப் புளிக்காடியாக்கும் பாக்டீரியா ஒடுங்கும். காவல் என்ற வகையில் அது நியாயமே. ஆனால் காவல்காரனை வீட்டின் சொந்தக்காரனாக்கிய பாடநூல்களைத்தான் எங்களால் பொறுக்க முடியவில்லை. 'சாராயம் கலந்து வலுவூட்டிய ஒயின்கள்' என்ற தலைப்பின்கீழ் இவற்றையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். மொந்தியாவின் கொளுத்தும் வெயிலில் பெத்ரோ ஹிமேனெஸ் திராட்சை தானாகவே 15-ஐ எட்டிவிடுகிறதே, அதை எந்த மூட்டையில் கட்டுவது?

வெயில் போதாத இடத்தில் என்ன செய்வது என்று கேட்கலாம். பிரான்சின் குளிர்ந்த ஜூரா மலைப்பகுதிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே சவான்யன் திராட்சையில் செய்யும் மஞ்சள் ஒயினில் ஒரு துளி சாராயமும் சேர்வதில்லை. பீப்பாயில் 6 ஆண்டுகளுக்கு மேல். அதில் 60 மாதங்களேனும் படலத்தின்கீழ். 15 விழுக்காட்டை எட்டாமலே அங்கே அது வாழ்ந்துவிடுகிறது. ஒரு லிட்டரில் எஞ்சுவது இவ்வளவே என்று சொல்லி, 62 சென்டிலிட்டர் புட்டியில் அடைக்கிறார்கள். அதில் எழும் மணத்துக்கு ஒரு காரணம் சோடோலோன். நம் வெந்தயத்தின் மணமும் அதுவே. கெட்டுப்போன ஒயின் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு செய்தி: திராட்சை தரமாக அமையாததால் 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளில் ஷாத்தோ-ஷலோன் என்ற பெயரில் ஒயினே வரவில்லை. கெட்டதை விற்பவர்கள் இப்படியா பட்டினி கிடப்பார்கள்?

ஹெரேஸின் ஒழுங்குமுறைக் குழுவே 2021-இல் இறங்கி வந்தது. இயல்பாக 15-ஐ எட்டும் ஒயினுக்குச் சாராயம் கட்டாயமில்லை என்று விதியைத் திருத்த முடிவுசெய்தது. அறுத்த திராட்சையைப் புற்பாயில் பரப்பி வெயிலில் உலர்த்தும் பழைய முறையையும் அங்கே சிலர் மீட்டெடுத்திருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் மொந்தியாக்காரர்கள் இத்தனை காலமும் செய்துவந்ததை, ஹெரேஸ் செய்யும்போது மட்டும் புதுமை என்று பாராட்டுவது என்ன நியாயம்?

இனிப்பு ஷெர்ரிக்காக மொந்தியாவின் பெத்ரோ ஹிமேனெஸை ஹெரேஸ் வாங்கிக்கொள்ள விதிகள் இடம் தந்தன. சரக்கு போனது, ஊர்ப்பெயர் கூடப் போகவில்லை. கொடிகளைப் பிடுங்கிவிட்டு ஆலிவ் மரம் நட்ட மொந்தியா உழவர்கள் பலர். விலை கிடைக்காத திராட்சையை எத்தனை நாள்தான் காப்பார்கள்?

ஷெர்ரியில் ஒரு வகை என்று எழுதும் பதிப்பாசிரியர்கள், அடுத்த அச்சில் மொந்தியா என்ற ஊர்ப்பெயரையும் அந்த அடிக்குறிப்பில் சேர்க்கட்டும். ஒரு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.