பெயரற்றவள் மண்டியிட்டிருக்கிறாள்

அழகை அழகாக மட்டும் பாருங்கள், அதில் அரசியலைக் கலக்காதீர்கள் என்று நமக்கு அறிவுரை கூறுவோர் உண்டு. அவர்களை ஓர் ஓவியத்தின் முன் சற்றே நிற்குமாறு அழைக்கிறோம்.

ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1765-66-இல் தீட்டிய அந்த ஓவியம் இன்று பெர்லின் ஓவியக் காட்சியகத்தில் உள்ளது. கணவர், மனைவி, சிறுமகள் என மேன்மக்கள் குடும்பம் ஒன்று. குழந்தையைத் தாங்கியபடி மண்டியிட்டிருக்கிறாள் ஓர் இந்தியப் பெண். கணவர் ஜார்ஜ் கிளைவ். இராபர்ட் கிளைவின் உறவினர். இந்தியாவில் பெருஞ்செல்வம் ஈட்டித் தாயகம் திரும்பியவர். மனைவியின் பெயரும் மகளின் பெயரும் நமக்குக் கிடைக்கின்றன. மண்டியிட்டவளோ 'இந்தியப் பணிப்பெண்' மட்டுமே. பட்டின் மடிப்பைக்கூடத் தவறவிடாத தூரிகையின் காலம், அவள் பெயரைத் தவறவிட்டது!

அச்செல்வத்தின் ஊற்றுக்கண் எது? 1757-இல் பிளாசிப் போருக்குப்பின், அரியணை ஏறிய மீர் ஜாபரிடமிருந்து இராபர்ட் கிளைவ் ஒருவர் மட்டுமே பெற்றது 2,34,000 பவுண்டு. 1765-இல் வங்காளத்தின் வரி வசூல் உரிமையும் கம்பெனியின் கைக்கு வந்தது. ஐந்தாண்டுகள் கழியுமுன் பெரும்பஞ்சம். மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மடிந்தனர் என்று ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸே 1772-இல் எழுதினார். எனினும் 1771-இன் வரி வசூல், பஞ்சத்திற்கு முந்திய 1768-இன் வசூலையும் விஞ்சியது என்பதை அதே மடலில் அவர் குறிப்பிட்டார். பிணங்களின் நடுவிலும் வரி குறையவில்லை!

"அக்காலத்து வழக்கம் அது, இன்றைய அளவுகோலால் அளக்கலாமா?" என்பர். அக்காலமே அளந்தது என்பதே நம் விடை. இந்தியப் பணத்துடன் திரும்பியோரை 'நவாபுகள்' என்று இங்கிலாந்தே எள்ளி நகைத்தது. 1772-இல் சாமுவேல் ஃபூட் அப்பெயரிலேயே நாடகம் அரங்கேற்றினார். 1772-73-இல் நாடாளுமன்றமே இராபர்ட் கிளைவை விசாரித்தது. தண்டிக்கவில்லை என்பது வேறு. அறியாமல் நடந்தது என்று மட்டும் எவரும் சொல்ல இயலாது.

ஓவியத்தை எரிக்கச் சொல்கிறோமா? இல்லை. ரெனால்ட்ஸின் கைத்திறனையும் மறுக்கவில்லை. ஆனால் நிற்பவர்களை மட்டும் கண்டு வியந்து திரும்பும் கண் பாதிக் கண்ணே. மண்டியிட்டவளையும் காண்போம், அவளை மண்டியிடச் செய்தது எது என்றும் கேட்போம். அக்கேள்வி அழகைக் கெடுப்பதன்று. அழகுக்குக் கொடுக்கப்பட்ட விலையைக் கணக்கில் எழுதுவது.