இரவு ஷிப்டுக்காரர் இருவர்

இரவு ஷிப்டு பார்ப்பது நாம் மட்டுமல்ல. கோட்டுச்சேரிப் பக்கத்து இலுப்பைக்கு மகரந்தம் சுமப்பது பழவௌவால். 2022-ல் திருத்தும் வரை வனவிலங்குச் சட்டம் அதைத் 'தொல்லைப் பிராணி' என்றது. மேகமலையின் சலீம் அலி பழவௌவாலுக்கு மட்டும், அருகிப்போன பிறகு, பாதுகாப்பு. 1948-ல் கிடைத்த அதைச் சாதாரண வௌவால் என்றே வைத்திருந்து, 1972-ல்தான் தனி இனமென்றார்கள்.

கடல் கடந்த ஹவாயில் பிளாக்பர்ன் அந்துப்பூச்சியின் கதையும் இதுவே. அழிந்ததென்று கைவிட்டார்கள், 1984-ல் மறுபடி கண்டார்கள், 2000-ல்தான் அமெரிக்க அரசு காப்புப் பட்டியலில் சேர்த்தது.

வௌவாலின் காடு தேயிலை, காப்பித் தோட்டமாயிற்று. பூச்சியின் காடு மேய்ச்சல் நிலமாயிற்று. லாபம் முதலாளிக்கு, பழியோ வௌவால் பிடிக்கும் ஏழைக்கு!

அருகிய பின் காப்பது, தொழிலாளி செத்த பின் கூலி பாக்கி கொடுப்பது போன்றது. மனைக்கும் சாலைக்கும் இலுப்பையை வெட்ட வருவோரை இன்றே தடுப்போம்!