கரையில் உழைப்பவளுக்குத் தொழில் இல்லையா?

செங்கற்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ 2,000 கிராமங்களை 1767 முதல் 1774 வரை அளந்து எழுதிய தாமஸ் பார்னார்டு என்னும் ஆங்கிலேயப் பொறியாளர், ஏரிகளையும் நஞ்சை புஞ்சைகளையும் குறித்ததோடு நில்லாமல், ஊருக்கு ஊர் உழுகுடி எத்தனை வீடு, நெசவுக்குடி எத்தனை வீடு, குயவரும் தச்சரும் கொல்லரும் எத்தனை வீடு என்று தொழிலையும் வீட்டுக் கணக்காகவே பதிந்து வைத்தார். நெசவாளி வீடு என்று எழுதினால், தறியில் உட்கார்ந்தவனும் அவனுக்கு நூல் சுற்றிக் கொடுத்தவளும் அந்த ஒரு வரியிலேயே அடக்கம். அந்தக் கணக்கில் குறைகள் இருக்கலாம். ஆனால் தொழில் என்பது குடும்பத்தின் கூட்டுப் பிரயாசை என்னும் உண்மையை அது மறைக்கவில்லை.

பின்னால் வந்த ஜனத்தொகைக் கணக்குகள் ஆளுக்கு ஆள் தொழில் கேட்டன. நெசவாலைகளுக்குப் பேர்போன இங்கிலாந்தின் லங்காஷயர் நகரங்களில், பெரிய நூற்பு இயந்திரம் ஆண்களின் வசமும், விசைத்தறி பெரும்பாலும் பெண்களின் வசமுமாக வேலை பிரிந்திருந்த அக்காலத்தில், 1851ஆம் வருஷத்துக் கணக்கு ஆலைக்குப் போகாத மனைவியரையும் தொழில் வகுப்புகளில் சேர்த்தது. செருப்புத் தைப்பவர் மனைவி, குடியானவர் மனைவி என்று தனித் தலைப்புகளே இருந்தன. முப்பது வருஷம் கழித்து, 1881இல், அதே மனைவியர் தொழிலற்றோர் பட்டியலுக்குத் தள்ளப்பட்டனர். இந்தியா முழுவதும் ஒரே சமயத்தில் முதன்முதலாகக் கணக்கெடுத்ததும் அதே 1881இல்தான். சுதந்திரம் வந்து அறுபது வருஷங்கள் கடந்த பிறகும், 2011ஆம் ஆண்டுக் கணக்கில் வீட்டு வேலை செய்யும் பெண், மாணவரோடும் ஓய்வூதியம் பெறுவோரோடும் பிச்சை எடுப்போரோடும் ஒரே வரிசையில், பொருளாதார நடவடிக்கை அற்றவளாகவே நின்றாள். இத்தகைய வகைப்பாட்டை, விபத்து நஷ்டஈட்டு வழக்கு ஒன்றில், 2010இலேயே உச்ச நீதிமன்றம் கண்டித்திருந்தும் அது மாறவில்லை.

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை நீளும் கரையில், விடியற்காலையில் எந்தக் குப்பத்தில் நின்று பார்த்தாலும் இந்தப் பாகுபாட்டின் அநியாயம் பிரத்தியட்சமாய்த் தெரியும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. படகு மணலில் ஏறிய மாத்திரத்தில், இரவெல்லாம் கடலில் கிடந்த புருஷனின் வேலை ஏறக்குறைய முடிகிறது. அவன் மனைவியின் வேலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. வலையில் சிக்கிய மீனை முள் கையில் ஏறாமல் கழற்றி, சங்கராவைத் தனியாகவும் கவலை மீனைத் தனியாகவும் பிரித்துக் கூறு கட்டி, ஏலத்தில் விலை இறங்காமல் வாதாடி, விற்காததை உப்பிட்டு மணலில் விரித்த பழைய வலையின் மேல் கருவாடாய்க் காயப்போட்டு, பதம் பார்த்துப் புரட்டி, காக்கை விரட்டி, மிச்சத்தை அன்னக்கூடையில் தலைச்சுமையாய் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறி ஊருக்குள் விற்று, வந்த காசில் வட்டி போக மீந்ததைக் கொண்டு டீசலுக்கும் அடுப்புக்கும் வழி செய்கிறாள். கடலுக்குப் போகிறவன் மீனவன் என்றும் இவள் மீனவனின் மனைவி என்றும் எழுதிக்கொள்வது எந்த நியாயம்?

எழுத்தில் இல்லாத தொழிலுக்கு நஷ்டமும் இல்லை என்று ஆகிவிடுகிறது. அதுதான் எனக்குப் பெரிய வேதனை. ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணம் பெரும்பாலும் படகையும் வலையையும் எஞ்சினையும் எண்ணியே வந்தது. மீன்காரி இழந்த கூடையையும் தராசையும் கைமுதலையும் எண்ணியவர் சொற்பம். கடலரிப்பு ஒரு பக்கமும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் உல்லாச விடுதிகள் மறுபக்கமும் நெருக்க, கருவாடு காயும் மணல் வருஷா வருஷம் சுருங்கி வருகிறது. படகுத்துறை போனால் கூச்சல் எழும். காயப்போடும் களம் போனால், அது எவருடைய தொழிலிடமும் அல்ல என்பதால், கேட்க நாதியில்லை.

வடநெம்மேலியில் 1978இல் பிறந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வேறொரு வழியைக் காட்டியது. பாம்புத் தோல் வியாபாரம் தடைப்பட்டு ஜீவனம் இழந்த அச்சமூகத்தார், நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தை மருந்துக்காக எடுத்துக் கொடுத்துப் பாம்பை மறுபடி காட்டில் விட ஆரம்பித்தபோது, கடப்பாரை பிடித்து வளை தோண்டும் அந்தத் தொழிலில் பெண்களும் இடம் பெற்றார்கள். தொழிற்சாலைப் பக்கமோ, இரவு ஏழு மணிக்கு மேல் பெண் வேலை செய்யலாகாது என்ற 1948ஆம் வருஷச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் செல்லாததாக்கியது. மறைமலை நகரையும் மகேந்திரா சிட்டியையும் நோக்கி ஷிப்டு பஸ்ஸில் போகும் யுவதிக்கு அடையாள அட்டையும் சம்பளச் சீட்டும் உண்டு. மாலையில் வீடு திரும்பி அவள் அடுப்பு மூட்டுவதுதான் எந்தச் சீட்டிலும் ஏறுவதில்லை.

சமைப்பதையும் குழந்தை பார்ப்பதையும் தொழில் என்று எழுதினால் தேசத்தின் கணக்கே குழம்பிவிடும் என்று சிலர் அபிப்பிராயம் சொல்கிறார்கள். குழம்ப வேண்டியதில்லை. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரக் கணக்கில், கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷங்களும், அப்படி ஈடுபடும் ஆண் 97 நிமிஷங்களும் செலவிடுவதாகத் தெரிந்தது. அளக்க முடிந்ததை எழுதவும் முடியும். தமிழக அரசு 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாயை மகளிர் உரிமைத் தொகை என்று பெயரிட்டே வழங்கத் தொடங்கியதும், வீட்டுழைப்புக்கு மதிப்புண்டு என்று சர்க்காரே ஒப்புக்கொண்டதற்கு அத்தாட்சி. வீட்டுக்குள் நடப்பதைப் பற்றிய விவாதம் எப்படி முடிந்தாலும், கரையில் பகிரங்கமாய் நடக்கும் மீன் வியாபாரத்தைத் தொழிலல்ல என்று சொல்ல எந்தச் சாஸ்திரத்திலும் இடமில்லை.

2027 மார்ச் 1ஆம் தேதியை ஆதாரமாகக் கொண்ட ஜனத்தொகைக் கணக்கு வருகிறது. கணக்கெடுப்பவர் உங்கள் வாசலில் நின்று வீட்டுப் பெண்ணின் தொழிலைக் கேட்கும்போது, குப்பத்து அண்ணன்மாரே, அவள் வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஏலம் எடுக்கிறவளை மீன் வியாபாரி என்றும், உப்பிட்டுக் காயவைக்கிறவளைக் கருவாடு தயாரிப்பவள் என்றும் சொல்லுங்கள். சொன்னபடி பதிவாயிற்றா என்று கூட நின்று பாருங்கள்.