சலங்கை எங்கே இருக்கிறது?

கூத்தாநல்லூரில் நண்பர் வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் கூடி வாசிப்பது வழக்கம். போன மாதம் சவி சாவர்க்கரின் தேவதாசி ஓவியம் ஒன்றின் அச்சுப்படியை வைத்துப் பேசினோம். (பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். இவர் 1961இல் நாக்பூரில் பிறந்த தலித் ஓவியர், அம்பேத்கரியர்.) தடித்த கறுப்புக் கோடுகள், உருக்குலைந்த பெண்ணுடம்பு.

"அரூபம்னா அவங்கவங்களுக்குத் தோணுறதுதான் அர்த்தம்" என்றார் ஒரு நண்பர். அந்தத் தைரியத்தில்தான் நானும் முன்கூட்டியே கவிதை எழுதிப் போயிருந்தேன். அறுந்த சலங்கை, அணைந்த கோயில் விளக்கு, இத்யாதி. வாசித்து முடித்ததும் ஒரு பெண் தோழர் கேட்டார்: "இதுல சலங்கை எங்க இருக்கு தோழர்?"

இல்லைதான். என் மண்டைக்குள் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றினான். நம்ம திருவாரூரிலிருந்தும் கொண்டுபோனார்கள். ஆளுக்கொரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல் என்று கல்வெட்டு சொல்கிறது. தேவதாசி என்றதும் எனக்கு அந்தப் பிம்பம்தான் வருகிறது. அந்த வாழ்க்கையும் சொர்க்கமல்ல. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இலேயே நாவலாக எழுதிக் கிழித்துவிட்டார். 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டமும் வந்தது.

ஆனால் சவி வரைந்தது வேறு பெண்ணை. மராட்டிய, கர்நாடக எல்லையில் எல்லம்மாவுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித் சிறுமிகள். அவர்களுக்கு ஏது சதிர், ஏது மானியம்? கர்நாடகத்தில் 1982இல்தான் தடைச்சட்டம். ரொம்ப தூரம் போவானேன், இங்கே திருவள்ளூர்ப் பக்கம் மாத்தம்மாவுக்கு நேர்ந்துவிடப்பட்டவர்கள் அருந்ததியப் பெண்கள்.

பிக்காசோ 1907இல் 'அவிஞோன் பெண்க'ளின் உடம்பை உடைத்து வரைந்தார். அவர்கள் விபச்சார விடுதிப் பெண்கள். விமர்சகர்கள் வெகுகாலம் மாய்ந்து மாய்ந்து பேசியது என்னவோ வடிவத்தைப் பற்றித்தான். சவியின் கோட்டையும் அப்படியே 'உத்தி' என்று ஒதுக்கிவிடலாம், சாதியைப் பேசாமலே. 'தோணுறது' என்பது எங்கிருந்து தோணுகிறது? எனக்கு, ஒரு சேரிக்காரனுக்கு, கோயில் விளக்கு தோன்றியிருக்கிறதே!

கவிதையைக் கிழித்துப் போட்டேன். இன்னொன்றும் உறுத்துகிறது. அன்று மாடியில் பேசியவர்களெல்லாம் ஆண்கள். கேள்வி கேட்ட தோழரிடம், உங்களுக்கு அதில் என்ன தெரிகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நான் உட்பட.