வளைவு வேண்டாம், ஒரு வைஸ் வாங்கிக் கொடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

முன்னாள் மாணவர் குழுவில் பள்ளிக்கு என்ன செய்யலாம் என்று ஒரு வாரமாகப் பேச்சு ஓடுகிறது. ஒருவர் நுழைவாயில் வளைவு என்கிறார், இன்னொருவர் பெரிய கடிகாரம் என்கிறார். என் கருத்தைக் கேட்டீர்கள். வளைவு வேண்டாம். ஒரு நல்ல வைஸ், சைக்கிள் ஃப்ரீவீல் கழற்றும் கருவி, ஒரு செட் ஸ்பேனர், இவை போதும். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம்.

எங்கள் தெருவில் 12ஆம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் பிள்ளைக்குப் போன வருடம் அரசு சைக்கிள் கிடைத்தது. பின் சக்கரத்தில், செயின் இருக்கும் பக்கம், இரண்டு கம்பி முறிந்துவிட்டது. முறிந்த கம்பியை மாற்ற வேண்டுமென்றால் ஃப்ரீவீலைக் கழற்றியாக வேண்டும். கம்பி நுழைகிற ஓட்டையை அதுதான் மறைத்துக்கொண்டு நிற்கிறது. கடையில், "கழலாதும்மா, வீலையே மாத்திடு" என்று சொல்லிவிட்டார்கள். அவள் அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர். புது வீல் எங்கே வாங்குவது? சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே போயிற்று. பிள்ளை ஷேர் ஆட்டோவுக்குக் காசு இருக்கும் நாளில் சீக்கிரம் போகிறாள், இல்லாத நாளில் தாமதமாகப் போகிறாள்.

கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். அரை நாள் மல்லுக்கட்டினாலும் அந்த வேலைக்கு யாரும் கூலி தர மாட்டார்கள். ஆனால் "கழலாது" என்பது உண்மையில்லை.

ஃப்ரீவீல் ஏன் இப்படி அடம் பிடிக்கிறது? அது ஹப்பில் மரையால் திருகப்பட்டிருக்கிறது. நாம் மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் அதை இன்னும் இறுக்குகிறது. 50 கிலோ எடையுள்ள பிள்ளை பெடல் மேல் எழுந்து நின்றால் செயினில் 80 கிலோவுக்கு மேல் இழுவை வரும். அண்ணனூர் கேட்டுப் பக்கம் எழுந்து நின்று மிதித்தவர்களுக்குத் தெரியும். அதோடு மழைத் தண்ணீரும் துருவும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சரி, பல்லைப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்பலாம் என்றால் கட கட என்று சும்மா சுற்றும். உள்ளே நாக்கு மாதிரி சின்ன இரும்புத் துண்டுகள் ஒரு பக்கம் மட்டும்தான் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கிவிடும். பல்லின் மேல் உளி வைத்துத் தட்டுவது இதனால்தான் வீண். பல்தான் வளையும்.

பிடிக்க வேண்டியது உள்வட்டத்தை. அதன் முகத்தில் இரண்டோ நான்கோ வெட்டுகள் இருக்கும். கருவி அதில் உட்கார வேண்டும். வழுக்காமல் இருக்க அக்ஸில் நட்டை அதன்மேல் லேசாக மாட்டி, கருவியை வைஸில் கடிக்க விட்டு, சக்கரத்தின் ரிம்மை இரண்டு கையாலும் பஸ் ஸ்டியரிங் மாதிரி பிடித்து, மேலிருந்து பார்க்கக் கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்புங்கள். முதல் நாள் இரவே மரையில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு வைத்தால் நல்லது. 'டக்' என்று ஒரு சத்தம் வரும். வந்ததும் நட்டைத் தளர்த்திவிட்டுத்தான் மேற்கொண்டு சுற்ற வேண்டும்.

நெம்புகோல் பாடம் ஞாபகம் இருக்கிறதா? இங்கே சக்கரம்தான் நெம்புகோல். "எப்படியும் ரிம் போச்சு" என்று கம்பியை எல்லாம் முதலில் வெட்டிப் போடுபவர்கள் அந்த நெம்புகோலையே வெட்டிப் போடுகிறார்கள். அப்புறம் வெறும் ஹப்பைக் கையில் வைத்துக்கொண்டு யாராலும் திருப்ப முடியாது.

வெட்டு தேய்ந்திருந்தாலும் வழி உண்டு, ஆனால் ஃப்ரீவீல் பலியாகும். முகத்தில் இரண்டு சின்னக் குழி உள்ள வளையம் இருக்கும். அதற்கு மரை தலைகீழ். குழியில் பஞ்ச் வைத்துக் கடிகார முள் திசையில் தட்டினால் கழலும். குட்டிக் குட்டியாக பால்ஸ் கொட்டும், கீழே தாம்பாளம் வையுங்கள். மிஞ்சும் உள்வட்டை வைஸில் நேராகக் கடித்துத் திருப்ப வேண்டியதுதான். புது ஃப்ரீவீல் மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் அடுத்தவருக்கு இந்தப் பாடு இல்லை.

"இந்தக் காலத்தில் யார் சார் சைக்கிள்? பேட்டரி வண்டி வந்தாச்சு" என்று என் மருமகனே கேட்கிறார். யாருக்கு வந்தாச்சு? 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம் இன்று அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 11ஆம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் சைக்கிள் தருகிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றிவிட்டது. எவ்வளவு பெரிய காரியம்! சைக்கிளைக் கொடுக்கத் தெரிந்த நமக்கு அதை ஓட்டத்தில் வைத்திருக்கத் தெரிய வேண்டாமா? அதுவும் 1949 முதல் டிஐ சைக்கிள்ஸ் பெயர் சொல்லும் அம்பத்தூருக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, இரண்டு கம்பிக்காக ஒரு சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே தள்ளுவது எனக்குப் பொறுக்கவில்லை.

கைத்தொழில் பாடவேளை இருந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். முதலில் சுருங்கியது அதுதான். கணக்குக்கும் அறிவியலுக்கும் அந்த நேரம் போயிற்று, சரி. ஆனால் வாரத்தில் ஒரு மாலை, விருப்பமுள்ள பிள்ளைகள் பத்துப் பேருக்குப் போதும். பெண் பிள்ளைகளையும் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

எஸ்டேட்டில் லேத் வைத்திருக்கும் என் மாணவர்கள் மூன்று பேராவது இதைப் படிப்பீர்கள். கருவியின் பல் நல்ல இரும்பில் இருக்க வேண்டும், மட்டமானது முதல் திருப்பிலேயே மழுங்கிவிடும். அளவு எடுக்க நம் தெருப் பிள்ளையின் சக்கரத்தையே தருகிறேன். வளைக்குடாவில் இருப்பவர்கள் வைஸ் செலவை ஏற்றுக்கொள்ளலாம். தலைமை ஆசிரியரிடம் இடம் கேட்பது என் பொறுப்பு. ஞாயிறு காலை 10 மணிக்கு வீட்டில் இருப்பேன், வருகிறவர்கள் குழுவில் பெயர் போடுங்கள்.